கேபிள்காரர் வாசலில் நிற்பார், ஆட்டோபே நிற்காது



மாதம் பிறந்தால் கேபிள்காரர் வாசலில் வந்து நிற்பார். கையில் ஒரு நோட்டு, சட்டைப் பையில் ஒரு பேனா. "அக்கா, கேபிள் காசு" என்பார். இருந்தால் கொடுப்போம். இல்லையென்றால், "பத்தாம் தேதி வாங்க தம்பி, இன்னும் சம்பளம் வரல" என்போம். முணுமுணுத்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அந்த ஒரு வார்த்தையில் எத்தனையோ குடும்பங்கள் மாதக் கடைசியைத் தாண்டியிருக்கின்றன.

இப்போது யாரும் வாசலுக்கு வருவதில்லை. காசு மட்டும் போகிறது.

நம் ஒன்றியத் தோழர் ஒருவரின் அம்மா போன வாரம் பாஸ்புக்கை எடுத்து வைத்துக்கொண்டு, "மூணு மாசமா என்னவோ புடிக்கிறாங்கப்பா, நான் யாருக்கும் அனுப்பலயே" என்று கேட்டிருக்கிறார். தோழர் போனை வாங்கிப் பார்த்தால், ஏதோ ஒரு குட்டி சீரியல் ஆப். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு எபிசோடு, செங்குத்தாக ஓடும் கதை. முதல் சில எபிசோடு சும்மா. அடுத்ததைப் பார்க்க ஒரு ரூபாய் ‘ட்ரையல்’. அந்த ஒரு ரூபாய்க்குப் பின்நம்பர் போட்டபோதே மாதாமாதம் பிடித்துக்கொள்ளும் அனுமதியும் சேர்ந்து போய்விட்டது. அம்மாவுக்குத் தெரிந்தது ஒரு ரூபாய்தான். போனது அறுநூறு ரூபாய்க்கு அருகில்.

அறுநூறு ரூபாய் பெரிய தொகையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நூறுநாள் வேலைக்குப் போய்வரும் ஒரு அம்மாவிடம் அதைக் கேட்டுப் பாருங்கள்.

மொபைல் கேம் கம்பெனிகளும் ஓடிடி கம்பெனிகளும் சம்பாதிப்பதைப் பற்றி நம் ஆட்களிடையே இரண்டு பேச்சு ஓடுகிறது. ஒரு பக்கம், "அவன் காசு, அவன் இஷ்டம், கட்சிக்கு இதுல என்னங்க வேலை?" இன்னொரு பக்கம், "எல்லாத்தையும் தடை பண்ணுங்க, பசங்க உருப்படுவாங்க." இரண்டுமே வீட்டுக்குள் நடப்பதைப் பார்த்துவிட்டுத்தான் வருகின்றன. முதலாவதைச் சொல்கிறவர் பெரும்பாலும் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஒரு மணி நேரம் கேம் ஆடிக் களைப்பைத் தீர்த்துக்கொள்ளும் இளைஞர். இரண்டாவதைச் சொல்கிறவர் அதே இளைஞரின் அப்பா. இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேச வேண்டிய விஷயம் இது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இது புதிய சண்டை அல்ல. 2003 ஜனவரியில் இந்த மாநிலம் லாட்டரியைத் தடை செய்தது. அன்றும், "அரசுக்கு வருமானம் போகுமே, விற்கிறவன் பிழைப்பு போகுமே" என்ற கேள்விகள் எழுந்தன. நியாயமான கேள்விகள்தான். ஆனால் கூலியை வாங்கிக்கொண்டு நேராகச் சீட்டுக் கடைக்குப் போனவர்களின் வீட்டுப் பெண்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

அப்புறம் ரம்மி வந்தது. 1967இல் உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பெரும்பாலும் திறமை சார்ந்த விளையாட்டு என்றது. அது செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் நாலு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, சீட்டைக் கையில் பிடித்து ஆடியதைப் பற்றிய வழக்கு. கிளப்பைப் பூட்டும் நேரம் வரும். எதிரே இருப்பவர் முகம் தெரியும். கையில் இருந்த காசு தீர்ந்தால் எழுந்து வரத்தான் வேண்டும். ஐம்பது வருடம் கழித்து அதே ‘திறமை’ என்ற சொல்லைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, போர்வைக்குள் ராத்திரி மூணு மணிக்கு, முகம் தெரியாத ஆளோடு, கடன் ஆப்பில் வாங்கிய காசில் ஆடும் ஆட்டத்தை விற்றார்கள். சீட்டு அதே சீட்டுதான். ஆட்டம் அதே ஆட்டம் இல்லை.

2020 நவம்பரில் தமிழ்நாட்டில் முதல் அவசரச் சட்டம் வந்தது. 2021 ஆகஸ்ட்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைந்தது. அதன் பரிந்துரையின் பேரில் புதிய அவசரச் சட்டம், பிறகு அக்டோபர் 19 அன்று பேரவையில் மசோதா. ஆளுநரிடம் அது மாதக்கணக்கில் கிடந்தது. இடையில் அவசரச் சட்டம் காலாவதியானது. 2023 மார்ச்சில் மசோதா திரும்பி வந்தது. பேரவை மறுபடியும் நிறைவேற்றி அனுப்பிய பிறகு ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. இடைப்பட்ட அந்த மாதங்களில் ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து உயிரை விட்டவர்களின் செய்திகள் நாளிதழ்களில் வந்துகொண்டே இருந்தன. கோப்பு ஒரு மேசையில் தூங்கினால் யார் வீட்டில் பாதிக்கும் என்பதை நாம் அந்தக் குளிர்காலத்தில் கண்கூடாகப் பார்த்தோம்.

அதோடும் முடியவில்லை. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டாலும், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று சொல்லி அவற்றுக்கான தடையை நீக்கியது. பின்னர் மாநிலத்தின் ஆன்லைன் விளையாட்டு ஆணையம் வேறு வழி பிடித்தது. நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை காசு வைத்து ஆட முடியாது, ஆதார் சரிபார்ப்பு வேண்டும், 18 வயதுக்குக் கீழே கூடவே கூடாது என்று 2025 பிப்ரவரியில் விதிகள் வந்தன. கம்பெனிகள் மறுபடியும் கோர்ட்டுக்குப் போயின. இந்த முறை, 2025 ஜூனில், உயர் நீதிமன்றம் விதிகளின் பக்கம் நின்றது. நம் பார்வையில் இந்தத் தீர்ப்புதான் முக்கியமானது. ‘திறமையா, அதிர்ஷ்டமா’ என்ற பழைய சண்டையைத் தாண்டி, மக்களின் உடல்நலத்தையும் உறக்கத்தையும் காக்க மாநிலத்துக்கு உரிமை உண்டு என்று ஏற்ற தீர்ப்பு அது.

இரண்டே மாதத்தில் நாடாளுமன்றம் விழித்துக்கொண்டது. 2025 ஆகஸ்ட் 20இல் மக்களவை, 21இல் மாநிலங்களவை, 22இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல். காசு வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டுக்கும் தடை. நடத்துகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கும் தண்டனை உண்டு. ஆடுகிறவருக்குத் தண்டனை கிடையாது. இதைப் பலர் தவறாகப் பரப்புகிறார்கள், குறித்துக்கொள்ளுங்கள். சுமார் 45 கோடி பேர் பாதிக்கப்பட்டு ஆண்டுக்கு 20,000 கோடி ரூபாய்க்கு மேல் இழக்கிறார்கள் என்று ஒன்றிய அரசே மதிப்பீடு சொன்னது. அப்படியென்றால் இத்தனை வருடம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. 2023 அக்டோபர் முதல் ஆடுகிறவர் போடும் முழுத் தொகைக்கும் 28 சதவீதம் ஜிஎஸ்டி வாங்கினார்களே, அந்தப் பங்கு மத்திய அரசுக்கும் போனது, மாநிலங்களுக்கும் போனது. இந்த விஷயத்தில் யாரும் கையை உதறிக்கொள்ள முடியாது.

சட்டம் வந்த சில நாட்களில் பெரிய ஆப்கள் காசு ஆட்டத்தை நிறுத்தின. இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையில் இருந்த ட்ரீம்11 பெயர் போனது. பல அலுவலகங்களில் ஆட்குறைப்பு நடந்தது. வேலை இழந்தவர்களில் நம் ஊர் இன்ஜினியர்களும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நாம் நேர்மையாகப் பேசியதாகாது. வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு டெலிகிராமில் ஆள் பிடிக்கும் சூதாட்டத் தளங்களும் இன்னும் ஒழியவில்லை. ஆனாலும் தடை சரியானது என்பதே நம் நிலைப்பாடு.

ஆனால் தடையோடு கதை முடிந்தது என்று கைதட்டிவிட்டுப் போவதுதான் ஆபத்து. ரம்மி போன இடத்தில் ‘ஃப்ரீ’ கேம் நிற்கிறது. ‘ஃப்ரீ’ கேமில் இவ்வளவு லாபம் எப்படி வருகிறது என்று தம்பிகளே, ஒரு நிமிடம் யோசித்ததுண்டா?

உலக வீடியோ கேம் வருமானத்தில் ஏறத்தாழ பாதி போனில் இருந்து வருகிறது. மிட்டாயை வரிசையாக அடுக்கும் ஒரு கேமை, கேண்டி க்ரஷை, வைத்திருந்த கிங் கம்பெனியை 590 கோடி டாலருக்கு விலை பேசினார்கள். 2015இல். இறக்கிக்கொள்ளக் காசு வேண்டாத கேம். ஆடுகிறவர்களில் மிகப் பெரும்பான்மையோர் ஒரு பைசா கூடக் கொடுப்பதில்லை. கொடுக்கும் சின்னக் கூட்டத்திலும் ஒரு சிலர்தான் அள்ளிக் கொடுக்கிறார்கள். அவர்களுக்கு அந்தத் தொழிலில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: ‘திமிங்கலம்’. வாடிக்கையாளர் என்றுகூட இல்லை, திமிங்கலம். வலை வீசும் ஆள் வைக்கிற பெயர்தானே அது!

அந்தத் திமிங்கலம் பணக்காரராக இருக்க வேண்டிய அவசியமில்லை. நிறுத்தத் தெரியாதவராக இருந்தால் போதும். அப்பாவின் போனில் ஆடும் எட்டாம் வகுப்புப் பையனாகவும் இருக்கலாம்.

ஆட்டத்தில் ரூபாய் கண்ணில் படாது. டைமண்ட், காயின், யூசி என்று ஏதாவது ஒன்றாக மாற்றிவிடுவார்கள். வேண்டிய சட்டையின் விலைக்குச் சரியாக அந்தப் பாக்கெட் கிடைக்காது, கொஞ்சம் கூடுதலாக வாங்கத்தான் வேண்டும். மிச்சம் இருப்பது கையை அரிக்கும். ‘இன்னும் 2 மணி நேரம்தான்’ என்று கடிகாரம் ஓடும். ‘லக்கி ஸ்பின்’ சுற்றும். பெட்டியைக் காசு கொடுத்துத் திறந்தால் உள்ளே என்ன வரும் என்று தெரியாது. திருவிழாவில் வளையம் வீசச் சொல்லிக் காசு பறிப்பவனாவது சோப்பு டப்பாவைக் கண்ணெதிரே வைத்திருப்பான். இதில் அதுவும் இல்லை. பரிசு பணமாகத் திரும்புவதில்லை என்பதால் இதைப் ‘பண விளையாட்டு’ என்று பிடிக்கப் புதிய சட்டத்தில் தெளிவான இடமும் இல்லை.

வேறு நாடுகள் சும்மா இருக்கவில்லை. பெல்ஜியம் 2018லேயே இந்தப் பெட்டி திறக்கும் வியாபாரத்தைச் சூதாட்டம் என்று அறிவித்தது. அமெரிக்காவில் ஃபோர்ட்நைட் கேமை நடத்தும் கம்பெனி, சிறுவர்களின் தகவலைச் சேகரித்ததற்கும், ஏமாற்றும் பட்டன்களை வைத்துக் காசு பிடித்ததற்கும் சேர்த்து 52 கோடி டாலர் கொடுக்க 2022இல் ஒப்புக்கொண்டது. சீனா ஒரே அடியாக, 18 வயதுக்குட்பட்டவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டுமே ஆடலாம் என்று 2021இல் கட்டிப்போட்டது. சீனா வழி நமக்கு வேண்டாம். பிள்ளை எத்தனை மணிக்கு ஆட வேண்டும் என்பதை வீடு முடிவு செய்யட்டும். கம்பெனி பிள்ளையின் சட்டைப் பையில் கைவிடக் கூடாது என்பதை அரசு முடிவு செய்யட்டும்.

இதற்கும் படம் பார்ப்பதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? ஐபிஎல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 முதல் 2027 வரை இந்தியாவில் அதை ஆன்லைனில் காட்டும் முதன்மை உரிமை மட்டும் 20,500 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. ஏலம் எடுத்தவர்கள் 2023இல் ஜியோசினிமாவில் எல்லாருக்கும் சும்மா காட்டினார்கள். 2024லும் சும்மா. ஊரே மெச்சியது. எதிரே இருந்த ஹாட்ஸ்டார் தாங்க முடியாமல், ஒருநாள் உலகக் கோப்பையைப் போனில் இலவசமாகக் கொடுத்தது. கடைசியில் போட்டி போட்ட இருவரும் ஒன்றாகி 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் ஆனார்கள். அடுத்த மாதம் ஐபிஎல் தொடங்கியபோது, கொஞ்ச நேரம் சும்மா, அப்புறம் சந்தா. ஊரில் இருந்த இரண்டு கடையும் ஒரே முதலாளி கைக்குப் போனால் என்ன நடக்கும் என்று மளிகைக் கடைக்குப் போகும் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அமேசான் பிரைம் கதை வேறு மாதிரி. விளம்பரம் இல்லாமல் பார்க்கத்தானே காசு கட்டினோம்? 2025 ஜூனில் விளம்பரத்தை உள்ளே நுழைத்தார்கள். அது வேண்டாமென்றால் ஆண்டுக்கு இன்னும் 699 ரூபாய். கேமில் ‘விளம்பரத்தை நீக்கக் காசு கொடு’ என்பார்களே, அதே தந்திரம். முதலில் சொன்ன குட்டி சீரியல் ஆப்களில் கேமும் சீரியலும் முழுதாகவே கலந்துவிட்டன. ஒவ்வொரு எபிசோடும் அறை விழும் நேரத்தில் நிற்கிறது, பூட்டைத் திறக்கக் காயின் கேட்கிறது.

நம் சினிமாவுக்கும் இதில் அடி விழுந்திருக்கிறது. 2020இல் தியேட்டர்கள் மூடிக் கிடந்தபோது ‘பொன்மகள் வந்தாள்’ நேராக ஓடிடிக்கு வந்தது, ‘சூரரைப் போற்று’ம் வந்தது. தியேட்டர்காரர்கள் கொதித்தார்கள். தயாரிப்பாளர்களுக்கோ அது உயிர் மூச்சு. எந்தப் படம் என்று பார்க்காமல் ஓடிடிகள் வாங்கிக் குவித்த காலம் அது. பழக்கிவிட்ட பிறகு கையை இறுக்கிக்கொண்டார்கள். இன்று பெரிய நடிகர் இல்லாத படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிடி வாசலில் காத்திருக்கும் இளம் இயக்குநர்களைக் கேட்டால் தெரியும். நம் ஊர்க் கதைகளில் எதைக் காட்டலாம், எதை வேண்டாம் என்பதை மும்பையிலோ அதற்கும் அப்பாலோ இருக்கும் ஒரு அலுவலகம் முடிவு செய்கிறது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கையும் அவர்கள் வெளியே முழுதாகச் சொல்வதில்லை. தியேட்டரில் ஹவுஸ்ஃபுல் போர்டாவது இருந்தது.

எல்லாம் கெடுதல் என்று சொல்ல வரவில்லை. திருத்துறைப்பூண்டியில் இருந்துகொண்டு மலையாளப் படத்தை அன்றே பார்க்க முடிகிறது என்றால் அது நல்லதுதான். இந்த வரிகளை எழுதுகிறவரும் ராத்திரியில் ஒரு எபிசோடு என்று உட்கார்ந்து மூன்று பார்த்துவிட்டுத் தூங்குகிற ஆள்தான். கேள்வி வேறு. "நான் நிறுத்திக்கிறேன்" என்று சொல்லும் இடம் எங்கே இருக்கிறது?

ரிசர்வ் வங்கி விதிப்படி, மாதாமாதம் தானாகப் பிடிக்கும் சந்தாவுக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். ஆனால் பொதுவாக 15,000 ரூபாய்க்குள் இருந்தால் ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்க வேண்டியதில்லை. தகவல் வருகிறது, ஆங்கிலத்தில். லோன் மெசேஜ், லாட்டரி மெசேஜ் நடுவில் அதுவும் ஒன்று. யார் படிப்பார்கள்? 2023 நவம்பரில் ஒன்றிய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. சேர்வதற்கு ஒரு பட்டன், விலகுவதற்கு ஒன்பது பக்கம் என்ற ‘சந்தா வலை’யும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பட்டியல் காகிதத்தில் இருக்கிறது. வலை போனில் இருக்கிறது.

நாம் கேட்பது இவ்வளவுதான். சந்தா பிடிக்கும் முன் வரும் தகவல் தமிழில் வர வேண்டும், அதே மெசேஜில் நிறுத்தும் பட்டனும் இருக்க வேண்டும். மூன்று மாதம் திறந்தே பார்க்காத ஆப்புக்குக் காசு பிடிக்கக் கூடாது. கேமுக்குள் விலை ரூபாயில் எழுதப்பட வேண்டும், டைமண்டில் அல்ல. பெட்டி திறக்கும் விளையாட்டை 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கவே கூடாது. நள்ளிரவு விதியை வென்று காட்டிய தமிழ்நாட்டு ஆணையம் சூதாட்டத்தோடு நின்றுவிடாமல் இதையும் கையில் எடுக்கட்டும். மத்திய சட்டம் வந்துவிட்டது, இனி மாநிலத்துக்கு வேலை இல்லை என்று அதைப் பூட்டிவிட யாராவது நினைத்தால் நாம் ஒத்துக்கொள்ள மாட்டோம். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதம் இதில் வேண்டாம். 2022லும் 2023லும் பேரவையில் மசோதா நிறைவேறியதே, அந்த ஒற்றுமை போதும்.

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை நம் தோழர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்ய வேண்டும். வீட்டில் இருக்கும் பெரியவர்களின் போனை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் சம்மதத்தோடு வாங்குங்கள். ஜிபே, போன்பே எதுவானாலும் உள்ளே ‘ஆட்டோபே’ என்று ஒரு இடம் இருக்கும். திறந்தால் யார் யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம் என்ற பட்டியல் வரும். வேண்டாததை அங்கேயே ரத்து செய்யலாம். ஆப்பை அழித்தால் மட்டும் காசு நிற்காது, இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றி வையுங்கள். விலகவிடாமல் இழுத்தடித்தால் நுகர்வோர் உதவி எண் 1915. பண மோசடி என்று தெரிந்தால் உடனே 1930. தெருமுனையில் பத்து வீட்டுக்கு இதைச் செய்து கொடுத்தாலே போதும், எந்தத் துண்டறிக்கையும் தேவையில்லை.

நம் ஒன்றியத் தோழர் அன்றே அம்மாவின் போனில் அதை ரத்து செய்துவிட்டார். கூடவே இன்னும் இரண்டு இருந்தனவாம், ஒன்று பேரன் ஆடிய கேம், இன்னொன்று என்னவென்றே யாருக்கும் தெரியவில்லை. "இனிமே புடிக்க மாட்டாங்கம்மா" என்று போனைத் திருப்பிக் கொடுத்தபோது அம்மா ஒன்றுதான் கேட்டாராம்:

"சரிப்பா. அந்தப் பொண்ணு புருஷன்கிட்ட உண்மையைச் சொல்லிட்டாளா இல்லையா, அதை மட்டும் எங்கயாவது பார்த்துச் சொல்லு."